எட்டாம் படகின் கூவல்

அந்தப் பெண் உள்ளே வந்தபோது கமலேஸ்வரி ஒரு தண்ணீர்ப் பம்பின் சுவிச்சுப் பெட்டியைக் கழற்றி மேசையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். வியாழக்கிழமை காலை எட்டரை மணி. தென்மேற்கிலிருந்து வீசும் ஆடிக் கச்சான் காற்று தர்மபுரத்துப் புழுதியை அள்ளி வீட்டுக்குள் எறிந்துகொண்டிருந்தது. கதிரையைக் காட்டியும் வந்தவள் உட்காரவில்லை. மூன்று இரவு நித்திரை கொள்ளாத கண்களோடு ஒரு துணிப் பையைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ரை பேர் நிரோசினி. முல்லைத்தீவிலை இருந்து வாறன். என்ரை மனுசன் வின்சன் திங்கக்கிழமை பின்னேரம் கடலுக்குப் போனவர், இன்னும் வரேல்லை. தோமஸ்தான் அவரைக் கடலிலை வைச்சு முடிச்சுப் போட்டார் எண்டு ஊர் முழுக்கக் கதைக்குது."

"தோமஸ் ஆர்?"

"என்ரை அப்பா."

கமலேஸ்வரி கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார். தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் பழுது பிடிக்கும் வேலை பார்த்தவர் அவர். வேலையை விட்ட பிறகும் ஊர் அவரை விடவில்லை. மோட்டார் காணாமல் போனாலும், பூட்டிய அலுமாரிக்குள் நகை காணாமல் போனாலும் சனம் அவரிடம்தான் வரும்.

வாசலில் ஓட்டோ துடைத்துக்கொண்டிருந்த பிரதாபன் துணியை எறிந்துவிட்டு உள்ளே வந்தான். அக்காவின் உதவியாளன் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன். எந்த விவகாரத்திலும் முதல் பத்து நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். ஒருமுறைகூட அது சரியாக இருந்ததில்லை. அதற்காக அவன் மனம் தளர்ந்ததுமில்லை.

"என்னெண்டு உங்கடை அப்பா மேலை பழி வந்தது?" என்று கமலேஸ்வரி கேட்டார்.

நிரோசினி சொல்லத் தொடங்கினாள். மூன்று கிழமைக்கு முன் வின்சனின் வலையும் தோமஸின் வலையும் கடலில் சிக்கிக்கொண்டன. தோமஸ் மருமகனின் வலையை வெட்டித் தன் வலையை எடுத்தார். அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, 'கடல் உனக்கு நல்ல பாடம் படிப்பிக்கும்' என்று தோமஸ் சொன்னதைக் கோயில் வளவில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

"அது வாயாலை வந்த கதை. ஆனா விசில் பெட்டி சொன்னதுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?"

அவர்கள் ஊர்ச் சங்கம் இருபது படகுகளுக்கு விசில் பெட்டி கொடுத்திருந்தது. பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை வானொலி அலையில் ஒரு விநாடி நீளத்துக்குக் கூவும். கோயில் மணிக்கோபுரத்திலும், கரையோரமாகத் தெற்கே இன்னொரு கோபுரத்திலும் உள்ள அன்ரனாக்கள் அந்தக் கூவல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கும். இரண்டு திசைக்கோடும் வெட்டும் இடத்தில் படகு நிற்கிறது. எல்லாப் பெட்டிகளும் ஒரே அலைவரிசையில் கூவவேண்டி இருந்ததால், ஒரு நிமிடத்தை இருபதாகப் பங்கிட்டுப் படகுக்கு மூன்று விநாடி கொடுத்திருந்தார்கள். தன் முறை வரும்வரை ஒவ்வொரு பெட்டியும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்.

வின்சனின் படகு ஏழாம் இலக்கம். செவ்வாய் விடிய நான்கு மணியோடு அதன் கூவல் நின்றது. கடற்படைப் படகும் ஊர்ப் படகுகளும் அந்த இடத்தைச் சுற்றித் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. புதன் மாலை, கூவல்களைப் பதிவுசெய்யும் நிலையத்தில் வேலை செய்யும் ராஜினி பதிவைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. செவ்வாய் மாலை தொடங்கிப் புதன் முழுவதும் எட்டாம் இலக்கம் நடுக்கடலில் கூவிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டாம் இலக்கம் தோமஸின் படகு.

"அப்பாவின்ரை இஞ்சின் திருத்தக் குடுத்துப் பத்து நாள். படகு களப்புப் பக்கம் கட்டிக் கிடக்கு, அங்கை ஒருத்தரும் போறேல்லை. காய்ச்சலாப் படுத்திருந்தனான் எண்டு அவர் சொல்லுறார். அம்மா வவுனியாவிலை, சாட்சி ஆரும் இல்லை. அவர் ஆரின்ரையோ இஞ்சினை வாங்கிப் பூட்டிக்கொண்டு போய், இவரின்ரை படகைத் தூரக் கடலுக்கு இழுத்துத் தாட்டுப் போட்டார் எண்டு சொல்லுகினம். நேற்றுப் பின்னேரத்தோடை தேடுறதை நிப்பாட்டிப் போட்டினம், அக்கா. செத்த ஆளை ஏன் தேட வேணும் எண்டு."

அவள் துணிப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அழக்கூடத் தெரியேல்லை. ஆருக்கு அழுறது?"

கமலேஸ்வரி எழுந்து செருப்பை மாட்டினார். "பிரதாபன், ஓட்டோவை எடு."

பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பிரதாபன் பறந்தான். புதுக்குடியிருப்பைத் தாண்டுமுன் அவனுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

"அக்கா, இது அந்த ராஜினிதான். பதிவிலை ஏழை எட்டாக்கி எழுதிப் போட்டா."

"ஏன் எழுதினவா?"

"அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேணும்."

கமலேஸ்வரி அவனை விட்டுவிட்டுத் திரும்பினார். நிரோசினியிடம் ஒன்று மட்டும் கேட்டார். "வின்சன் எத்தினை நாளைக்குத் தண்ணி கொண்டுபோனவர்?"

"ஒரு இரவுத் தொழிலுக்கு என்னத்துக்கு? அஞ்சு லீற்றர்க் கான் ஒண்டு."

திங்கள் மாலையிலிருந்து வியாழன் காலை. மூவருக்கும் அந்தக் கணக்குப் புரிந்தது. பிரதாபன் பேச்சை நிறுத்திவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினான்.

முதலில் நிரோசினியின் வீட்டுக்குப் போனார்கள். வின்சன் விசில் பெட்டியை எங்கே வைப்பான் என்று கமலேஸ்வரி கேட்டார். அறையிலிருந்த தட்டைக் காட்டினாள். அங்கே பெட்டியோடு வந்த அகலமான கறுப்புப் பட்டி ஒன்று கிடந்தது. படகின் பின்பக்கக் கம்பத்தில் பெட்டியைக் கட்டுவதற்கான பட்டி. அதன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"கட்டாமல் என்னெண்டு கொண்டுபோறவர்?"

"பொலித்தீன் பையிலை சுத்திக் கொண்டுபோவார். ரெண்டு பை இருக்கு. நான் ஒவ்வொரு நாளும் ஒண்டைக் கழுவிக் காயப் போடுறனான்."

கொடியில் தொங்கிய பையைக் கமலேஸ்வரி எடுத்து மணந்து பார்த்தார். உட்புறத்தை வெளியே புரட்டவில்லை. வெளிப்புற மடிப்புகளைத்தான் விரலால் தடவினார். சவர்க்காரத்துக்கும் போகாமல் இரண்டு மூன்று மீன் செதில்கள் அங்கே ஒட்டியிருந்தன.

"மீன்காரன் வீட்டிலை செதில் இல்லாத சாமான் எது, அக்கா?" என்றான் பிரதாபன்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

நிலையம் என்பது கோயில் வளவின் மூலையில் ஓர் அறை. அதன் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. சங்கத் தலைவர் றஜித் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். அவன் வின்சனின் தமையன். கூவலைக் கேட்கும் இயந்திரத்தின் மின்சாரத்தைப் புதன் மாலை ஆறு மணிக்கு நிறுத்தி அறையைப் பூட்டியவனும் அவன்தான். பதிவை யாரும் அழித்துவிடக் கூடாதாம். காற்று எழும்பியதால் எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை, அதனால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அவன் நினைத்தான்.

தோமஸ் எதிரே பங்குச் சுவாமியார் தங்கும் அறைவீட்டில் இருந்தார். பொலிஸ் வாக்குமூலம் எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருந்தது. அதுவரைக்கும் அவரை வெளியே விட்டால் ஊர்ப் பெடியள் சும்மா விடமாட்டார்கள் என்று சுவாமி தானே கூட்டிக்கொண்டுபோய் வைத்திருந்தார். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். போன மாதம்வரை அதே ஆட்கள் அவரோடு ஒன்றாக வலை இழுத்தவர்கள். சனத்துக்குத் தீர்ப்பு எழுத எவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது?

"அத்தான், கதவைத் திறவுங்கோ," என்றாள் நிரோசினி. "இவா பாக்க வந்திருக்கிறா."

"என்னத்தைப் பாக்க? என்ரை தம்பியைக் கொலை செய்தவரை வெளியிலை எடுக்கவோ?" றஜித்தின் முகத்தில் கோபத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. தம்பியைத் தேடி இரண்டு நாள் கடலில் நின்றவன் அவன். உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது.

"தம்பி, அரை மணித்தியாலம் தாங்கோ," என்றார் கமலேஸ்வரி. "நான் பிழையெண்டா நீங்களே பூட்டிப் போட்டுச் சாவியைக் கடலிலை எறியுங்கோ."

அவன் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தான். பிறகு எழுந்து பூட்டைத் திறந்தான்.

உள்ளே ஒரு கணினி, ஒரு மேசை, ஓர் அலுமாரி. சுவரில் ராஜினியின் கையெழுத்தில் ஓர் அறிவித்தல்: 'பெட்டியில் வெயில் படவிடக்கூடாது.' ராஜினியும் வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இந்த அறிவித்தல் ஏன்?" என்று கமலேஸ்வரி கேட்டார்.

"முதல் வருசம் மூண்டு பெட்டி வெயிலிலை வெந்து பழுதாப் போச்சு. அதாலை எழுதிப் போட்டனான்."

"ஏழின்ரையும் எட்டின்ரையும் அச்சடிச்ச பதிவைத் தாங்கோ. மற்றப் படகுகளின்ரையும்."

தாள்கள் மேசையில் விரிந்தன. நேரம், இடம், அதற்குப் பக்கத்தில் 'பிந்துகை' என்று ஒரு நிரல். கமலேஸ்வரியின் விரல் அந்த நிரலில் போய் நின்றது.

"இது ஒருத்தரும் பாக்கிறேல்லை," என்றாள் ராஜினி. "கூவல் மூண்டு விநாடியின்ரை நடுவிலை தொடங்காமல் எவ்வளவு முந்திது, பிந்திது எண்ட கணக்கு. எல்லாப் பெட்டியும் கொஞ்சம் நடுங்கும். அதுக்காகத்தான் ஒரு விநாடிக் கூவலுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு விநாடி இடம் விட்டிருக்கு. எல்லை தாண்டி ரெண்டு படகின்ரை நேரத்திலையும் பாதி பாதியா விழுந்தா இயந்திரம் அதை எறிஞ்சு போடும்."

"பெட்டி தன்ரை இலக்கத்தைச் சொல்லாதோ?"

"இல்லை. அது வெறும் கூவல். எந்த நேரத்திலை கூவுதோ அதை வைச்சுத்தான் நாங்கள் இலக்கம் போடுறம்."

"அப்ப நேரம்தான் அதின்ரை பேர்," என்று கமலேஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பெட்டிக்கு மணி சொல்லுறது ஆர்?"

"கரையோடை நிக்கேக்கை நிலையத்தின்ரை மணியைக் கேட்டுத் தன்ரை மணியைத் திருத்திக்கொள்ளும். கரையை விட்டா அது தன்ரை மணியிலைதான் ஓட வேணும்."

கமலேஸ்வரி அரை மணி நேரம் தாள்களைப் புரட்டினார். போன மாதத்துப் பதிவையும் கேட்டு வாங்கினார். வெளியே சனம் முணுமுணுத்தது. நிரோசினி சுவரோடு சாய்ந்து நின்றாள். கடைசியில் கமலேஸ்வரி நிமிர்ந்தார்.

"தோமஸின்ரை பெட்டி எங்கை?"

றஜித் அலுமாரியைத் திறந்து எட்டு என்று எழுதிய மஞ்சள் பெட்டியை மேசையில் வைத்தான். "நேற்று அவரின்ரை வீட்டுச் சுவரிலை தொங்கிக்கிடந்தது. பாருங்கோ, கடலுக்குப் போய் வந்த சேறு இன்னும் போகேல்லை."

பெட்டியின் சுவிச்சு இருந்த பள்ளத்தில் ஓர் உருண்டை மண் காய்ந்து அப்பிக்கிடந்தது.

"நடுக்கடலிலை சேறு ஏது, தம்பி?" என்றார் கமலேஸ்வரி. "சுவாமியையும் தோமஸையும் கூப்பிடுங்கோ. எல்லாரும் ஒருக்கால் கேக்க வேணும்."

அறை நிறைந்துபோனது. தோமஸ் சுவாமியின் பின்னால் தலை குனிந்தபடி வந்தார். மகளைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

கமலேஸ்வரி மஞ்சள் பெட்டியை றஜித்திடம் நீட்டினார். "மண்ணை உடைக்காமல் சுவிச்சைப் போடுங்கோ."

றஜித் விரலால் முயன்று பார்த்தான். முடியவில்லை.

"அது சேறு இல்லை. குளவிக்கூடு. குளவி ஈரமண் கொண்டுவந்து கட்டி, முட்டையிட்டு, வாயை அடைச்சிருக்கு. அது ஒரு நாள் வேலை இல்லை. நேற்றும் முந்தநாளும் ஆரும் இந்தச் சுவிச்சைத் தொட்டிருந்தா கூடு உடைஞ்சிருக்கும். எட்டாம் பெட்டி இந்தக் கிழமை கூவவே இல்லை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. றஜித் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப கடலிலை கூவினது எது?"

"அதைத்தான் சொல்லப்போறன்." அவர் ஒரு தாளை எடுத்தார். "மற்றப் படகுகளைப் பாருங்கோ. ஒரு நிமிடம் கொஞ்சம் முந்தும், அடுத்த நிமிடம் கொஞ்சம் பிந்தும். அது நடுக்கம். நடுங்கிற ஆள் நிண்ட இடத்திலைதான் நிப்பார். ஏழைப் பாருங்கோ. திங்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிந்துகை பூச்சியம். எட்டு மணிக்குப் பூச்சியம் தசம் மூண்டு. நடுச்சாமம் தசம் ஏழு. விடிய நாலு மணிக்குச் சரியா ஒரு விநாடி. இது நடுங்கேல்லை, ஒரே பக்கமா நடக்குது. ஒரு விநாடிதான் எல்லை. அந்த எல்லையிலைதான் ஏழு காணாமல் போனது."

ராஜினி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு முதலில் விளங்கிவிட்டது.

"பிறகு பன்னிரண்டு மணித்தியாலம் கூவல் எல்லையிலை பாதி பாதியா விழுந்துகொண்டிருந்தது. இயந்திரம் எறிஞ்சுகொண்டிருந்தது. செவ்வாய் பின்னேரம் நாலு மணிக்கு எட்டு எண்டு ஒண்டு பிறக்குது. கரையிலை இல்லை, பதினாறு மைல் வெளியிலை. கரையை விட்டுப் போகேக்கை ஒருக்காலும் கூவாத பெட்டி நடுக்கடலிலை என்னெண்டு பிறந்தது? பிறக்கேக்கையே ஒரு விநாடி முந்திக் கூவுது. எட்டு மணிக்கு முந்துகை தசம் ஏழு, நடுச்சாமம் தசம் மூண்டு, விடிய நாலு மணிக்குப் பூச்சியம். ஏழு நடந்த அதே நடை. ஏழின்ரை இடம் முடிஞ்சு எட்டின்ரை இடத்துக்குள்ளை கால் வைச்சிட்டுது, அவ்வளவுதான்."

"அக்கா, அப்ப எட்டு எண்டது ஏழு," என்றான் பிரதாபன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொன்னான்.

"ஆனா படகு வெளியாலை போய்க்கொண்டிருந்ததே," என்றான் றஜித். "இழுத்துக்கொண்டு போனமாதிரி."

"எவ்வளவு வேகம்? செவ்வாய் விடிய ஏழு நிண்டது பதினொரு மைலிலை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எட்டு பிறந்தது பதினாறிலை. புதன் பின்னேரம் இருபத்தேழிலை. எல்லாம் ஒரே கோடு. மணிக்கு அரை மைலுக்கும் குறைவு. இஞ்சின் பூட்டின படகு அப்பிடி ஓடுமோ? கச்சானிலை மிதந்து போற படகுதான் அப்பிடிப் போகும். திங்கள் இரவே அவரின்ரை இஞ்சின் நிண்டிருக்கு."

தோமஸ் முதல்முறையாக நிமிர்ந்தார். கடல் தெரிந்த எல்லோருக்கும் அந்த வேகம் விளங்கியது. கோபம் கண்ணை மறைத்திராவிட்டால் நேற்றே விளங்கியிருக்கும்.

"மற்றப் பெட்டியள் ஏன் இப்பிடிப் பிந்தேல்லை?" என்று ராஜினி கேட்டாள். "வின்சனின்ரை பெட்டி பழுதோ?"

கமலேஸ்வரி கைப்பையிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தார். "பழுதில்லை. அவர் அதைக் கம்பத்திலை கட்டவே இல்லை, பட்டி உறைக்குள்ளை கிடக்கு. நீங்கள் வெயில் படவிடவேண்டாம் எண்டு எழுதிப் போட்டியள். கடலிலை வெயில் படக்கூடாத சாமானை உங்கடை ஆக்கள் எங்கை வைப்பினம்?"

அறையில் நின்ற பத்துப் பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "ஐஸ் பெட்டிக்குள்ளை."

"ஓம். பையிலை சுத்தி மீனோடை ஐஸுக்குள்ளை. செதில் பையின்ரை வெளிப்பக்கத்திலை ஒட்டியிருக்கு. குளிரிலை பெட்டியின்ரை மணி மெதுவாகும், ஒரு நாளைக்கு ரெண்டு விநாடி. போன மாதப் பதிவிலை ஒவ்வொரு விடியக்காலமையும் ஏழு ஒரு விநாடிக்குக் கிட்டப் பிந்தித்தான் வந்திருக்கு. கரைக்கு வந்த உடனை திருத்திக்கொண்டதாலை ஒருத்தருக்கும் தெரியேல்லை. இந்தமுறை கரைக்கு வரேல்லை."

ராஜினி சுவரிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். "நான் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவர்தான். நான் அவரையும் துலைச்சு, தோமஸ் ஐயாவையும் காட்டிக் குடுத்திட்டன்."

"அதைப் பிறகு அழலாம்," என்றார் கமலேஸ்வரி.

நிரோசினி சுவரை விட்டு முன்னே வந்தாள். கேட்கப் பயந்த கேள்வியை அவள் கேட்டுத்தான் ஆகவேண்டும். "பெட்டி தானாக் கூவும். அவர் உயிரோடை இருக்கிறாரோ?"

கமலேஸ்வரி கடைசித் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"புதன் காலமை ஒன்பது மணிக்குப் பிந்துகை தசம் நாலு. பின்னேரம் ஆறு மணிக்கும் தசம் நாலு. நடை நிண்டுபோச்சு. ஐஸ் தானா உருகி முடிஞ்சா குளிர் மெல்ல மெல்லத்தான் விடும், நடையும் மெல்ல மெல்லத்தான் குறையும். இது ஒரேயடியா நிண்டது. ஆரோ பெட்டியைக் கையாலை தூக்கி வெளியிலை வைச்சிருக்கினம். அஞ்சு லீற்றர்த் தண்ணி முடிஞ்ச ஆள் ஐஸ் பெட்டியைத் திறந்திருக்கிறார், பிள்ளை. மீன் ஐஸ்தான். தாகத்துக்கு அது போதும்."

நிரோசினி தாளைக் கையில் எடுத்தாள்.

"புதன் ஒன்பது மணிக்கு அவர் உயிரோடை இருந்தவர். அதுக்குப் பிறகு என்ன எண்டு எனக்குத் தெரியாது. நேற்று ஆறு மணிக்கு இந்த இயந்திரத்தை நிப்பாட்டிப் போட்டினம்."

றஜித்தின் முகம் வெளுத்தது. பதினெட்டு மணி நேரமாகத் தம்பி கூவிக்கொண்டிருந்திருக்கிறான், கேட்கும் காதைப் பொத்தியவன் அண்ணன். அவன் முழந்தாளில் விழுந்து மேசைக்கடியில் வயரைத் தேடினான். பிளக் இரண்டுமுறை தவறியது. பிரதாபன் குனிந்து அதை வாங்கிச் செருகினான்.

திரை வெளிச்சமாகியது. ராஜினி விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டின் நேரம் இருபத்தோராவது விநாடியில் தொடங்கி இருபத்து நான்கில் முடியும். முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடமும் இல்லை. தோமஸ் சிலுவை அடையாளம் போட்டார். மூன்றாவது நிமிடம், பட்டரி இறங்கியிருக்கும் என்று யாரோ சொல்லத் தொடங்கினார்கள். அப்போது ஒலிபெருக்கியில் மெல்லிய ஒரு கூவல் கேட்டது. மேசையில் எட்டாம் பெட்டி குளவிக்கூட்டோடு பேசாமல் கிடந்தது.

"பிந்துகை தசம் அஞ்சு," என்றாள் ராஜினி. "முப்பத்தஞ்சு மைல்."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சுவாமி கடற்படைக்கும் பொலிசுக்கும் தொலைபேசி எடுத்தார். இரண்டு இஞ்சின் பூட்டிய படகு ஒன்று மணலில் இழுபட்டது. தோமஸ் றஜித்தின் முன்னால் வந்து நின்றார்.

"கச்சானிலை அந்தத் தூரம் நான் போயிருக்கிறன், தம்பி. என்னையும் ஏத்து."

றஜித் அவர் கையைப் பிடித்து ஏற்றினான். ஏற்றிய பிறகும் கையை விடவில்லை.

படகு தள்ளப்படுமுன் கமலேஸ்வரி ஓடிவந்தார். குளவிக்கூட்டை உடைத்துத் துடைத்த மஞ்சள் பெட்டியைத் தோமஸிடம் கொடுத்தார்.

"இது இப்ப கரை மணிக்குத் திருந்தி நிக்குது. அந்தத் தூரத்திலை போன் வேலை செய்யாது. ஆளைக் கண்ட உடனை வின்சனின்ரை பெட்டியை நிப்பாட்டுங்கோ. உயிரோடை இருந்தா மட்டும் உங்கடை பெட்டியைப் போடுங்கோ. இல்லையெண்டா..." அவர் நிரோசினியைப் பார்த்தார். "இல்லையெண்டா ஒண்டும் போடாதேங்கோ."

"விளங்குது," என்றார் தோமஸ். அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் படகின் விளிம்பில் கை வைத்துத் தள்ளினாள்.

மூன்று மணி நேரம் அந்த அறையில் எவரும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நிமிடமும் தசம் ஐந்தில் ஒரு கூவல் வந்தது. சில நிமிடம் வராமல் போகும், அப்போது எல்லோர் முகமும் செத்துவிடும். அலை பெட்டியை மறைத்திருக்கும் என்று பிரதாபன் சொல்வான். அது ஊகம்தான். ஆனால் எல்லோருக்கும் அந்த ஊகம் தேவைப்பட்டது.

பின்னேரம் மூன்று மணி நாற்பத்தொரு நிமிடத்துக்குப் பிறகு கூவல் வரவில்லை.

"கண்டிட்டினம்," என்றாள் ராஜினி. பட்டரி முடிந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று அவள் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. நிரோசினி செபமாலையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். அவளால் செபிக்க முடியவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று விநாடிகளை மட்டும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்காவது நிமிடமும் வெறுமையாகப் போனபோது பிரதாபன் வெளியே போய் நின்றுகொண்டான். கமலேஸ்வரி தாளில் இருந்த கணக்கையெல்லாம் மனதுக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒரு மனிதன் ஒன்றேகால் நாளில் எத்தனை முறை சாகலாம் என்று எந்தக் கணக்கும் சொல்வதில்லை.

ஆறாவது நிமிடம், இருபத்திரண்டாவது விநாடி. கூவல் வந்தது.

ராஜினி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். இலக்கத்தை இரண்டுமுறை சரிபார்த்துவிட்டு வாசித்தாள். "எட்டு. பிந்துகை பூச்சியம்."

"அது அப்பா," என்றாள் நிரோசினி. பிறகு நிலத்தில் உட்கார்ந்து, மூன்று நாளாக வராத அழுகையை அழுதாள்.